முப்பதாவது கிலோமீட்டரில் ஒரு ஸ்டூல்

போன சனிக்கிழமை காலை கிள்ளானிலிருந்து பினாங்குக்குக் கிளம்பிய நாங்கள், மதியத்துக்குள் நான்கு இடங்களில் காரை நிறுத்திவிட்டோம். பெட்ரோலுக்கு ஒரு முறை. மற்ற மூன்றும் வயிற்றுக்கு.

மாரத்தான் ஓடப் போகிறவர்கள் முதல் நாளே மாவுச்சத்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று எல்லா ஓட்டப் புத்தகங்களிலும் போட்டிருக்கிறது. சரிதான். ஆனால் தாப்பாவில் ரொட்டி சானாய், ஈப்போவில் சோறு, தைப்பிங்கில் செண்டோல் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

காரில் மூன்று பேர். ஓட்டியவர் தெரேசா டீச்சர். கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியை. பள்ளிக்கு வெளியேயும் அந்தப் பதவியை விட்டுக்கொடுக்காதவர். அவர் பக்கத்தில் மனோகரன் — எங்கள் ஓட்டக் குழுவுக்கு மனோ அண்ணன். ஆயர் ஈத்தாமில் பிறந்து, வேலைக்காகக் கிள்ளான் வந்து, துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். பின் சீட்டில் நான்.

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. எது நடந்தாலும் கிழமை, திதி, காற்றின் திசை எல்லாம் குறித்து வைக்கிற ஆள். இந்தப் பழக்கத்தைக் கண்டித்துக் கடிதம் எழுதிய வாசகர்களும் உண்டு. அந்தக் கடிதங்களையும் தேதிவாரியாகத்தான் அடுக்கி வைத்திருக்கிறேன்.

மூன்று பேரும் ஓடத்தான் போனோம். ஆனாலும் இது மனோ அண்ணனுடைய பயணம். முழு மாரத்தானை அவர் இதற்கு முன் இரண்டு முறை தொடங்கியிருக்கிறார். இரண்டு முறையும் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

பஸ்ஸா... என்கிறீர்களா? ஓட்டத்தில் கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு பஸ் ஊர்ந்து வரும். நேரத்துக்குள் முடிக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு வரும். அன்பான பஸ்தான். தண்ணீர் கொடுப்பார்கள், பிஸ்கட் கொடுப்பார்கள். அதிலிருந்து இறங்குகிறவர்களின் முகத்தை மட்டும் பார்க்க முடியாது.

இந்த முறை முட்டி டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். இதுதான் கடைசி. இனிமேல் நடக்கலாம், நீந்தலாம், பேரப்பிள்ளையோடு விளையாடலாம். ஓடக் கூடாது.

நிபோங் திபாலைத் தாண்டும்போது, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே மனோ அண்ணன் சொன்னார். "ஒரே ஒரு தடவ, யார் ஒதவியும் இல்லாம என் கால்ல நானே வந்து முடிச்சேன்னு சொல்லணும். அவ்வளவுதான் லா."

"ரெண்டாவது செண்டோல் வாங்குறப்ப இது ஞாபகம் வரலையா?" என்றார் டீச்சர்.

போட்டியின் விதிமுறைகளை முழுவதும் வாசித்தது எங்களில் நான் மட்டும்தான். சும்மா இருக்க முடியுமா? காரில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஓட்டத்தின் நடுவே வெளியாரிடம் உதவி பெறுகிறவர் தகுதி நீக்கம் செய்யப்படலாம் என்ற இடம் வந்ததும் டீச்சர் தலையாட்டினார். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினால் விடுவோமா, இதுவும் அப்படித்தானே என்றார். மனோ அண்ணனின் கருத்தைக் கேட்கலாம் என்று எட்டிப் பார்த்தேன். தூங்கிப் போயிருந்தார்.

பாலத்தில் போனால் நேரே தீவுக்குள் இறங்கியிருக்கலாம். ஆனால் மனோ அண்ணனுக்கு ஃபெர்ரியில்தான் போக வேண்டும். தீவுக்குள் கடல் வழியாகத்தான் நுழைய வேண்டும் என்பது அவருடைய சட்டம். முன்பெல்லாம் காரோடு ஏறலாம். இப்போது ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும்தான். காரைப் பட்டர்வொர்த்தில் விட்டுவிட்டுப் பைகளோடு ஏறினோம்.

மாலை வெயில் சாய்ந்திருந்தது. தென்மேற்குக் காற்று. தீவின் நடுவே கொடிமலையின் தலையில் ஒரே ஒரு மேகம், தொப்பியைக் கழற்ற மறந்தவர் மாதிரி. படகு நகர்கிறதா, எதிரே இருக்கும் ஊர்தான் நம்மை நோக்கி மிதந்து வருகிறதா என்று தெரியாத ஒரு நேரம் உண்டு. பெருநிலம் பின்னால் போய்விட்டது. தீவு இன்னும் வரவில்லை. அந்தச் சிறிது நேரத்துக்கு யாரும் எந்த ஊர்க்காரரும் இல்லை. எந்த வேலைக்கும் பொறுப்பும் இல்லை. டீச்சர்கூடக் கண்ணை மூடிக்கொண்டு காற்று வாங்கினார். இதற்காகவே ஒருவர் ஊரை விட்டுப் போகலாம், திரும்பி வரலாம் என்று தோன்றியது.

அக்கரையில் சேகர் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். மனோ அண்ணனைவிட வயதில் சின்னவர். ஆயர் ஈத்தாமில் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர். பாயான் பாரு பக்கத்தில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் வேலை. மனோ அண்ணன் எங்கே இருந்தாலும் தைப்பூசத்துக்குப் பினாங்கு வந்து, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பார். அத்தனை வருஷமும் காவடிக்குப் பக்கத்தில் நடந்தவர் சேகர்.

சேகர் ஓடுவதில்லை. எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "காசு கட்டியா ஓடுறீங்க? எங்க ப்ளாட்டுக்குக் கீழ வாங்க. மூணு நாய் இருக்கு. சும்மாவே ஓடலாம்."

அன்றிரவு அவர் வீட்டில் தங்கினோம். சீக்கிரம் படுத்துவிட்டோம்.

விடிவதற்கு வெகு முன்பே ஓட்டம் தொடங்கியது. கர்னி கடற்கரைச் சாலையில் புறப்பட்டு, தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை போய்த் திரும்ப வேண்டும். டீச்சருக்குப் பாதி மாரத்தான். அது தனியாகக் கிளம்பியது. எங்கள் இருவருக்கும் முழுசு. மனோ அண்ணன் முதலிலேயே வேகமாக ஓடிக் களைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கையில் கடிகாரம் கட்டிய ஆள் வேறு எதற்கு?

நான் எத்தனையோ முறை காரில் போன சாலைதான் அது. ஆனால் இருட்டில், வண்டியே இல்லாத அதே சாலையில் ஓடிப் பாருங்கள்... வேறு ஊர். வலப்பக்கம் கடல் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்கிறது. ஆயிரக்கணக்கான காலணிகள் தார்ச்சாலையில் படும் ஓசை, தூரத்தில் மழை பெய்கிற மாதிரி. யாரும் பேசுவதில்லை. முன்னால் ஓடுகிறவரின் முதுகு, அதற்கு முன்னால் இன்னொரு முதுகு. தூக்கத்தில் நடக்கிறவர்கள் எல்லாரும் ஒரே கனவுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது போல் இருந்தது.

ஓடும்போது எதை நினைப்பீர்கள் என்று என்னை அடிக்கடி கேட்கிறார்கள். உண்மையைச் சொல்லட்டுமா? ஒன்றையும் நினைப்பதில்லை. நினைவுகள்தான் என்னைக் கேட்காமல் வந்து கொஞ்ச தூரம் கூட ஓடிவிட்டுப் போகும். எட்டாம் வகுப்பில் உடைந்த ஒரு கைவிளக்கு. எப்போதோ படித்த கப்பல் பயணக் கதையில் வந்த ஒரு துறைமுகம். பெயர் மறந்துபோன ஒருவரின் சிரிப்பு. எதற்கும் தேதி கிடையாது. தேதி இல்லாத நினைவுகள் என்னிடம் இத்தனை இருக்கின்றன என்பதே எனக்கு ஓடும்போதுதான் தெரியும்.

தெலுக் பஹாங்கில் திரும்பினோம். தேய்பிறையின் கடைசித் துண்டு நிலா எங்களுக்கு எதிரே, மரங்களுக்கு மேல் நின்றது. பிறகு அது வெளுத்தது. கடல் இருக்கும் இடம் சாம்பல் நிறமாகி, ஈய நிறமாகி, திடீரென்று தண்ணீர் ஆனது. அக்கரையில் கெடாவின் ஜெராய் மலை — ஈரத் தூரிகையால் ஒரே இழுப்பில் வரைந்த நீலம். மனோ அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே ஓடினார். எதையோ முணுமுணுத்தார். என்ன பாட்டு என்று கேட்டேன்.

"பாட்டா? தெரியல தம்பி. கால் பாடுது."

நேரம் சரியாக இருந்தது. கொஞ்சம் மிச்சமும் இருந்தது. இந்த முறை முடித்துவிடுவார் என்று நான் நம்பத் தொடங்கினேன். நம்பத் தொடங்கிய இடம் பத்து பெரிங்கி. அதைத் தாண்டியதும் மேடு.

கடலுக்கு மேலே வளைந்து வளைந்து ஏறும் சாலை அது. முப்பதாவது கிலோமீட்டர் பலகையைக் கடந்ததும் அவருடைய வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒரு முறை நொண்டினார். பிறகு நின்றார். நான் தோளைப் பிடித்தேன். தரையில் உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க முடியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். உட்காராமல் நிற்கவும் முடியவில்லை. பின்னால் வளைவில் பஸ்ஸின் முகம் தெரிந்தது.

அப்போதுதான் அது நடந்தது.

சாலை ஓரத்திலிருந்து சேகர் ஓடி வந்தார். கையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல். மனோ அண்ணனுக்குப் பின்னால் வைத்தார். மனோ அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டூல் இருக்கிறதா என்று கையால் தடவவும் இல்லை. அப்படியே உட்கார்ந்தார்.

தைப்பூசக் கூட்டத்தில் நடந்தவர்களுக்கு இது புரியும். காவடி எடுப்பவர் முதுகிலும் மார்பிலும் அலகு, தோளில் சட்டம். அவரால் தரையில் உட்கார முடியாது. அதனால் கூட வருகிற ஒருவர் வழியெல்லாம் ஒரு ஸ்டூலைத் தூக்கி வருவார். காவடிக்காரர் கேட்க மாட்டார். அவர் தள்ளாடினால் ஸ்டூல் தானாக வந்துவிடும். அவரும் பார்க்காமல் உட்காருவார். கூட வருகிறவர் தண்ணீர் கொடுப்பார், காலைப் பிடித்துவிடுவார். பிறகு எல்லாரும் சேர்ந்து எழுப்பி விடுவார்கள். சேகர் அத்தனை வருஷமும் தூக்கியது அந்த ஸ்டூலைத்தான். அன்று காலை, ஓட்டத்தைப் பார்க்கலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பும்போது கை தானாக அதை எடுத்துவிட்டதாம்.

சேகர் மண்டியிட்டுக் காலை நீவினார். நான் தண்ணீர்ப் போத்தலைச் சாய்த்தேன். விதிமுறையைச் சத்தமாக வாசித்த அதே நான். அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் அது மாரத்தானாகத் தெரியவில்லை. மலை ஏறிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். சேகர் மெதுவாக "வேல்... வேல்..." என்றுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொடி பிடித்து நின்ற தொண்டர் ஒரு சீனப் பெண்மணி. என் வயதுதான் இருக்கும். கிட்டே வந்தார். "அங்கிள், வெளியாள் ஹெல்ப் பண்ணா தா போலே லா, கூடாது. டிஸ்குவாலிஃபை ஆகிடும்." பினாங்கில் கடை வைத்தவர்கள் பேசுவது போன்ற தமிழும் மலாயும் கலந்த பேச்சு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் ஸ்டூலைப் பார்த்தார். தைப்பூசத்துக்குக் கொண்டு போகிறதுதானே என்று கேட்டார். சேகர் தலையாட்டினார். தன் வீடு தண்ணீர்மலைக்குப் போகிற சாலையில்தான் என்றும், ரதம் வரும்போது வாசலில் தேங்காய் குவித்து உடைக்கிற குடும்பம் தங்களுடையது என்றும் அந்தப் பெண்மணி சொன்னார். அப்புறம் எங்கள் சட்டையில் குத்தியிருந்த எண்ணைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டார். தான் எழுதிக்கொள்ளப் போவதில்லை, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம்.

பஸ் பக்கத்தில் வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளேயிருந்து குளிர் காற்று எங்கள் பிடரியைத் தொட்டது. பழைய மலாய்ப் பாட்டு ஒன்று மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. நல்ல மெத்தை சீட்டு. அதைவிட இனிமையான இடம் அந்த நேரத்தில் உலகத்திலேயே இல்லை.

"அப்போ இது கணக்குல வராதா?" என்று என்னைக் கேட்டார் மனோ அண்ணன்.

விதியில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

சேகரின் முகம் செத்துவிட்டது. "அண்ணே... நான் கெடுத்துட்டேன்."

"வாய மூடுடா. நீ வரலேன்னா நான் இப்ப அதுக்குள்ள இருப்பேன்," என்று பஸ்ஸைக் காட்டினார் மனோ அண்ணன். எழுந்தார். காலை ஒரு முறை தரையில் தட்டிப் பார்த்தார். ஓடத் தொடங்கினார்.

கணக்கில் வராத ஓட்டத்தை ஒருவர் ஏன் ஓட வேண்டும்? எனக்கு அப்போது விளங்கவில்லை. கூடவே ஓடினேன்.

மீதித் தூரத்தை எப்படிச் சொல்வது... சூரியன் நேர் எதிரே ஏறியது. சாலை வெள்ளையாகப் பளபளத்தது. மனோ அண்ணன் கால்களைத் தூக்கவே இல்லை. தேய்த்துத் தேய்த்துக் காவடிக்காரர் நடை ஒன்று போட்டார். அந்த நடைக்கு என் மூச்சும் பழகிவிட்டது. வலது பக்கம் வீடுகளிலிருந்து சமையல் புகையும் காப்பி வாசனையும் வந்தன. ஒரு வயதான மலாய்க்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற எல்லாருக்கும் கை அசைத்தார். எங்களுக்குக் கொஞ்சம் அதிகமாக அசைத்தது போல் இருந்தது. கடலில் படகுகள் நகராமல் நின்றன. நாங்களும் நகரவில்லை, உலகம்தான் எங்களுக்குக் கீழே மெதுவாகப் பின்னால் போகிறது என்று தோன்றியது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்.

கர்னியில் முடிவு வளைவு இன்னும் நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் நேரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நேரத்துக்குள் வந்துவிட்டார்.

மெடல் போடும் பெண்ணிடம் மனோ அண்ணன், தான் நடுவில் உதவி வாங்கி உட்கார்ந்ததாகச் சொன்னார். அந்தப் பெண்ணுக்குக் காதில் விழவில்லை. வாழ்த்துச் சொல்லி, மெடலை மாட்டி, வாழைப்பழம் அந்தப் பக்கம் என்று கைகாட்டிவிட்டு அடுத்தவரைப் பார்த்தாள்.

டீச்சர் நடைபாதையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னோம். சேகரும் வந்து சேர்ந்து, தப்பு தன்னுடையது என்றார். டீச்சர் திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் மனோ அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இப்படியே வந்தீங்கன்னா கிள்ளான் வரைக்கும் மூஞ்சத் தூக்கி வச்சிருப்பீங்க. கார் ஓட்டுறது நானு. போய்ச் சொல்லிட்டு வாங்க."

நடுவர்களின் கூடாரத்துக்குப் போனோம். தலைமை நடுவர் ஒரு மலாய்க்காரர். தொண்டை கட்டியிருந்தது. வந்தவர்கள் எல்லாம் தங்கள் நேரத்தைக் குறைக்கச் சொல்லி அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மட்டும்தான் எங்களைத் தகுதி நீக்கம் செய்யச் சொல்லிப் போனோம். நான் கைப்பேசியில் விதியைத் தேடி எடுத்து வாசித்தேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. என்ன உதவி என்றார். உட்கார வைத்தோம் என்றோம். எதில் என்றார். சேகர் மோட்டாரிலிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்து மேசைக்குப் பக்கத்தில், சாட்சியை நிறுத்துவது மாதிரி வைத்தார்.

நடுவர் அதைப் பார்த்தார். விடியலுக்கு முன்னாலிருந்து நின்றுகொண்டே இருந்த மனிதர். மெதுவாக அதில் உட்கார்ந்தார். கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார்.

பிறகு மலாயில், மனோ அண்ணனைப் 'பாங்' என்று அண்ணன் முறை வைத்துத் தீர்ப்புச் சொன்னார். மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் இப்போதே பெயரை அடித்திருப்பேன். உட்கார்ந்தால் தூரம் குறையுமா? நேரம்தான் போகும். போன நேரம் உங்களுடையது. போய் நாசி கண்டார் சாப்பிடுங்கள், பாங்.

மனோ அண்ணன் விடவில்லை. குறித்தாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நடுவர் அவருடைய எண்ணை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ஏதோ கிறுக்கினார். அது என்ன என்று கேட்க எனக்கே தைரியம் வரவில்லை. முடிவுப் பட்டியலில் அவர் பெயர் வருமா, வராதா — இதை எழுதும் வரை தெரியாது.

பிற்பகல் ஃபெர்ரியில் திரும்பினோம். சேகர் கரையில் நின்று கை அசைத்தார். சின்னதாகி, கூட்டத்தில் கரைந்தார். டீச்சர் பையில் தலை வைத்துத் தூங்கிவிட்டார். கடல் எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. மனோ அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தீவையே பார்த்தார்.

"பத்திரிகையில இத எழுதுவியா தம்பி?"

எழுதுவேன் என்றேன். நேரத்துக்குள் முடித்தீர்கள் என்றே எழுதுவேன், பட்டியல் என்ன சொன்னாலும் சரி.

"உக்காந்தத விட்டுடாத."

ஏன் அண்ணே, அது வேண்டாமே என்றேன்.

"ஓடி முடிச்சவன் நெறைய பேர் இருப்பான் தம்பி," என்றார், இன்னும் தீவைப் பார்த்துக்கொண்டே. "திரும்பிப் பாக்காம உக்காரக் குடுத்து வச்சவன் எத்தன பேரு?"

அதைத்தான் பெரிதாக எழுதியிருக்கிறேன், அண்ணே.